கரை சேர்தலும் கண்டறியப்படுதலும்

ஓர் இலக்கிய வட்டத்தின் வாழ்வில் பத்தாண்டுகள் என்பது சிறிய காலம் அன்று. ஒருவர் கவிதை படிக்க, மற்றவர்கள் செவிமடுத்துக் குறையும் நிறையும் கூற, கூட்டம் முடிந்த பின்னும் வாயிலில் நின்று பேச்சைத் தொடர்கின்ற வழக்கம் பத்தாண்டுகளாக இங்கு அறுபடாமல் நடந்து வருகிறது. இந்நிறைவு விழாவில் உலகக் காப்பியம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். பத்து என்னும் எண்ணைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது ஹோமரின் 'ஒடிசி'. திராய் நகர்ப் போரில் பத்தாண்டு, கடலிலும் தீவுகளிலும் பத்தாண்டு எனக் கழித்து, இருபதாம் ஆண்டில் வீடு திரும்பிய ஒருவனின் கதை அது.

இக்காப்பியத்தை நான் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. முதுகலை மாணவர்க்கு ஒப்பிலக்கியம் கற்பிக்கும்போது ஒடிசியைப் பல ஆண்டுகள் ஒரே முறையில் நடத்தி வந்தேன். ஒற்றைக்கண் அரக்கன், மாயக்காரி சர்சி, பாடி மயக்கும் சைரன்கள், இறுதியில் வில் வளைத்தல் என வரிசையாகச் சொல்லி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். ஓராண்டு கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அந்தப் பன்னிரண்டு பெண்களை ஏன் தூக்கிலிட்டார்கள்?" என்று கேட்டாள். "அவர்கள் தலைவனுக்கு இரண்டகம் செய்தவர்கள்" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் அமர்ந்துவிட்டாள். ஆனால் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதன்பின் காப்பியத்தை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். அந்த மறுவாசிப்பின் பயனே இவ்வுரை.

காப்பியத்தின் அமைப்பு

ஒடிசி 24 படலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது; ஏறத்தாழ 12,000 அடிகளைக் கொண்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 7ஆம் நூற்றாண்டிலோ இது இன்றைய வடிவைப் பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இலியட்டின் முதற்சொல் சினத்தைக் குறிப்பது. ஒடிசியின் முதற்சொல்லோ மனிதனைக் குறிப்பது. அம்மனிதனின் பெயரைக் கவி உடனே கூறுவதில்லை. இருபது அடிகள் கடந்த பிறகே 'ஒடிசியஸ்' என்னும் பெயர் ஒலிக்கிறது. பெயரை மறைத்துத் தொடங்கும் இக்காப்பியத்தில், பெயரை மறைப்பதும் வெளிப்படுத்துவதுமே கதையாகப் போகின்றன என்பதை நாம் முதலிலேயே மனங்கொள்ள வேண்டும்.

ஒடிசியைக் கடற்பயணக் கதை என்று கூறுகிறோம். ஆனால் நாம் சிறுவயது முதல் கேட்டறிந்த கடல் வியப்புகளில் பெரும்பாலானவை 9 முதல் 12 முடிய உள்ள நான்கு படலங்களில் மட்டுமே வருகின்றன. அவற்றையும் கவி தம் கூற்றாகச் சொல்லவில்லை. ஃபியேசியர் நாட்டு அரசவையில் ஒடிசியஸ் தானே சொல்வதாக அமைத்துள்ளார். முதல் நான்கு படலங்கள் தந்தையைத் தேடிப் புறப்படும் மகன் டெலமாக்கஸைப் பற்றியவை. தலைவனை நாம் நேரில் காண்பது ஐந்தாம் படலத்தில்தான். அங்கும் அவன் வாளேந்தி நிற்கவில்லை. கலிப்சோவின் தீவில், கடற்கரைப் பாறைமீது அமர்ந்து அழுதுகொண்டிருக்கிறான். ஏழாண்டுகள் அவனைத் தன்னுடன் வைத்திருந்த அத்தேவமகள், சாவும் மூப்பும் இல்லாத வாழ்வைத் தர முன்வருகிறாள். பெனலபி அழகில் உனக்கு ஈடாகாள் என்பதை ஒடிசியஸே ஒப்புக்கொள்கிறான். ஆயினும் வீடே வேண்டும் என்கிறான். மூப்படைந்து இறக்கப்போகும் ஒருத்தியோடு தானும் மூப்படைந்து இறப்பதை அவன் தேர்ந்தெடுக்கிறான்.

பதின்மூன்றாம் படலத்திலேயே அவன் இதாக்காவை அடைந்து விடுகிறான். காப்பியம் அப்போதுதான் பாதியைக் கடக்கிறது. அதிலும் ஒரு வியப்பைக் காண்கிறோம். பத்தாண்டு ஏங்கிய கரையை அவன் விழித்த கண்ணோடு அடையவில்லை. ஃபியேசியர் அவனை உறங்கிய நிலையிலேயே கொணர்ந்து மணலில் கிடத்திச் செல்கின்றனர். கண் விழித்தவனுக்கு அது தன் நாடு என்பதே தெரியவில்லை. அதீனா மூடுபனியைப் பரப்பியிருக்கிறாள். இது எந்த நாடோ, இங்குள்ளோர் எத்தகையவரோ என்று தன் சொந்த மண்ணில் நின்றுகொண்டே அவன் புலம்புகிறான்.

கரை சேர்ந்த பின்னும் பன்னிரண்டு படலங்கள் ஏன்? இவ்வினாவே ஒடிசியைத் திறக்கும் திறவுகோல் என்பது என் கருத்து. வீடு திரும்புதல் என்பது கரையில் கால் வைப்பதுடன் முடிவதில்லை. வீட்டிலுள்ளோர் அவனை அவன்தான் என்று அறிந்து ஏற்கும்போதே அது நிறைவேறுகிறது. அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் ஒடிசி முழுவதுமே கண்டறிதலால் ஆனது எனக் குறித்தது இதனை உணர்ந்துதான்.

பாடுவோரும் கேட்போரும்

கண்டறிதல்களைக் காணும் முன் இக்காப்பியம் பிறந்த முறையை ஒரு சிறிது நோக்குதல் தகும். மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் ஹோமரின் அடைமொழிகளை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் வாய்மொழிப் பாடகரின் கருவிகள் எனக் காட்டினார். வைகறையைக் குறிக்கும்போதெல்லாம் அதன் விரல்களை ரோசா மலரின் நிறத்தோடு இணைத்துக் கூறும் தொடர் அத்தகையது. 1933 முதல் 1935 வரை அவர் யுகோசுலாவியாவில் எழுத்தறியாப் பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜெதோவிச் என்னும் பாடகர் ஒருவரே 12,000 அடிகளுக்கும் மேற்பட்ட காப்பியத்தைச் சொல்லக் கண்டார். பாரி 1935இல் மறைந்தபின் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் வெளியிட்ட நூல் அவ்வாய்வை உலகறியச் செய்தது. இவ்வாய்வு முறை நமக்கும் அயலானதன்று. ஈழத்தறிஞர் க. கைலாசபதி, கிரேக்க இலக்கியப் பேரறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1968இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் சங்கச் சான்றோர் பாடல்களை இவ்வொளியில் ஆராய்ந்தார். அவர் முடிவுகளோடு உடன்படாதோரும் உண்டு. ஆயினும் ஹோமரையும் நம் பாணரையும் ஒரே அவையில் அமர்த்திப் பார்த்த பெருமை அவருக்கு உரியது.

பாடகர் மரபில் தோன்றியதாலேயே ஒடிசிக்குள் பாடகர் இருவர் வருகின்றனர். ஒருவர் ஃபியேசியர் அவையில் பாடும் பார்வையற்ற டெமோடகஸ். மற்றவர் இதாக்கா அரண்மனையில், பெனலபியை மணக்க விரும்பிக் குழுமியிருக்கும் 108 பேருக்குப் பாடும் ஃபீமியஸ்.

எட்டாம் படலத்தில் ஒடிசியஸ், தன்னை யாரென்று அறிவிக்காமலே, மரக்குதிரையின் கதையைப் பாடுமாறு டெமோடகஸை வேண்டுகிறான். அக்குதிரையால் நகரை வீழ்த்தியவன் அவனே. தன் வெற்றியைப் பாடக் கேட்கும் வீரன் மகிழ்வான் என்று எதிர்பார்ப்போம். ஒடிசியஸோ உருகி அழுகிறான். அவ்வழுகைக்குக் கவி கூறும் உவமை நம்மைத் திடுக்கிட வைக்கிறது. நகரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கணவனின் உடல்மேல் விழுந்து ஒரு பெண் கதறுகிறாள். பகைவர் பின்னிருந்து அவள் தோளிலும் முதுகிலும் ஈட்டியால் குத்தி அவளை அடிமையாக இழுத்துச் செல்கின்றனர். அவளைப் போல அவன் அழுதான் என்கிறார் ஹோமர். வென்றவனின் கண்ணீருக்குத் தோற்றவள் உவமையாகிறாள். அவன் அழித்த நகரில் அப்படித்தான் பெண்கள் அழுதிருப்பார்கள். இந்த அடிமைப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அவள் மீண்டும் வருவாள்.

ஐந்து அடையாளங்கள்

இதாக்காவில் ஒடிசியஸ் கிழட்டுப் பிச்சைக்காரனாக அதீனாவால் உருமாற்றப்படுகிறான். இனி ஒவ்வொருவராக அவனை அறிய வேண்டும். மகனுக்குத் தந்தை முகம் தெரியாது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்தவர் அவர். ஆகவே அம்மகன் சொல்லை நம்பியே ஏற்கிறான். மற்றையோர்க்கு அடையாளம் வேண்டும். அவ்வாறு அமைந்தவற்றுள் ஐந்தினை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஒரு நாய். போருக்குச் செல்லுமுன் அவன் வளர்த்த ஆர்கஸ், கவனிப்பாரின்றி வாயிலில் கோவேறு கழுதைகளின் சாணக் குவியலில் உண்ணி மொய்த்துக் கிடக்கிறது. அவன் வரவை அறிந்தவுடன் வாலை ஆட்டுகிறது, காதுகளைத் தாழ்த்துகிறது, எழுந்து அருகே வர வலுவில்லை. ஒடிசியஸும் அதனருகே செல்ல இயலாது. சென்றால் வேடம் கலையும். உடன் வரும் யூமேயஸ் அறியாமல் ஒரு துளிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கடக்கிறான். இருபதாம் ஆண்டில் தலைவனைக் கண்ட அந்நாய் அப்போதே இறக்கிறது. எந்தச் சான்றும் கேளாமல் அவனை அறிந்தது அது ஒன்றே.

இரண்டாவது ஒரு தழும்பு. பத்தொன்பதாம் படலத்தில் முதிய செவிலி யூரிக்ளியா விருந்தினனின் கால்களைக் கழுவுகிறாள். இளமையில் பர்னாசஸ் மலையில் தாய்ப்பாட்டன் வீட்டாருடன் வேட்டையாடியபோது காட்டுப்பன்றி கிழித்த தழும்பு அவள் கையில் படுகிறது. அவள் கைநழுவி அவன் கால் பாத்திரத்தில் விழ, வெண்கலம் ஒலிக்க, நீர் சிந்துகிறது. தழும்பைத் தொட்டதற்கும் நீர் சிந்தியதற்கும் இடையில் ஹோமர் எழுபது அடிகளுக்கு மேல் அவ்வேட்டையின் கதையையும், பாட்டன் அவனுக்குப் பெயரிட்ட கதையையும் சொல்கிறார். எரிக் அவர்பாக் தம் 'மிமீசிஸ்' நூலின் முதல் இயலை இக்காட்சியிலிருந்தே தொடங்கினார். யூதர் என்பதற்காக நாசி ஆட்சியில் ஜெர்மானியப் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, இஸ்தான்புல்லில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, 1942க்கும் 1945க்கும் இடையில் அந்நூலை எழுதினார். 1946இல் அது வெளிவந்தது. ஹோமரிடம் யாவும் ஒளியில் நிற்கின்றன, பின்புலம் என்பதே இல்லை என்பது அவர் வாதம். அவ்வாதத்தை மறுப்போர் உளர். ஆனால் வீடு திரும்ப வழியற்றிருந்த ஓர் அறிஞர், வீடு திரும்பியவனின் தழும்பை முதலில் எடுத்துக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சம் கனக்கிறது.

மூன்றாவது வில். மணக்க வந்தோருள் முயன்றவர் எவராலும் நாணேற்ற முடியாத வில்லை ஒடிசியஸ் கையில் வாங்கி, தான் இல்லாத காலத்தில் அதன் கொம்பைப் பூச்சி அரித்திருக்குமோ எனத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பின் யாழில் வல்ல பாடகன் புதிய முறுக்காணியில் நரம்பை எளிதாகப் பூட்டுவது போல நாணேற்றுகிறான். சுண்டிய நாண் குருவியின் குரலில் இசைக்கிறது. கொலைக் கருவியைக் கையிலெடுக்கும் கணத்தில் கவி தம் தொழிலையே உவமையாக்கியுள்ளார். அவனது மறம் இங்கே அவன் அடையாளமாகிறது.

நான்காவது கட்டில், அதனைப் பெனலபியோடு சேர்த்தே பேச வேண்டும் என்பதால் பின்னர்க் கூறுவேன்.

ஐந்தாவது மரங்கள். இறுதிப் படலத்தில் ஒடிசியஸ் தன் தந்தை லேயர்ட்டீஸைக் காணத் தோட்டத்திற்குச் செல்கிறான். அரசனாக இருந்த முதியவர் ஒட்டுப்போட்ட ஆடையுடன் ஒரு செடியைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிறார். தந்தையிடமும் பொய்க்கதையே சொல்லத் தொடங்குகிறான் மகன். அவர் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்வதைக் கண்டதும் அவனால் தாங்க முடியவில்லை. தழும்பைக் காட்டுகிறான். அதன்பின், சிறுவனாக அவர் பின்னால் நடந்து ஒவ்வொரு மரமாகக் கேட்டதையும், அவர் பெயர் சொன்னதையும் நினைவூட்டுகிறான். அவர் அவனுக்கென்று கொடுத்தவை 13 பேரி மரங்கள், 10 ஆப்பிள் மரங்கள், 40 அத்தி மரங்கள், 50 வரிசைத் திராட்சைக் கொடிகள். கிழவரின் முழங்கால்கள் தளர்கின்றன. பெரும்போரின் காப்பியம் ஒரு தோட்டக் கணக்கில் வந்து முடிவதை எண்ணிப் பாருங்கள். தந்தையும் மகனும் மட்டும் அறிந்த எண்கள் அவை.

பெனலபியின் அறிவு

பிரிந்த தலைவனை எண்ணி ஆற்றியிருக்கும் தலைவியின் நிலையை நம் முன்னோர் முல்லை என்றனர். பெனலபியைப் படிக்கும் தமிழ் மாணவர் உடனே முல்லையைச் சுட்டுவர். அது தவறன்று, ஆனால் அத்துடன் நிறுத்தினால் பாதிப் பெனலபியையே கண்டவராவோம். இவள் ஆற்றியிருக்க மட்டும் செய்யவில்லை, சூழ்ச்சியும் செய்கிறாள். மாமனாருக்குப் பிணப்போர்வை நெய்து முடித்தபின் மணப்பேன் எனக் கூறி, பகலில் நெய்ததை இரவில் பிரித்து மூன்றாண்டுகள் 108 பேரை ஏமாற்றுகிறாள். கணவன் சொல்லால் செய்த தந்திரத்தை இவள் நூலால் செய்கிறாள்.

கொலைகள் முடிந்து, ஒடிசியஸ் எதிரே அமர்ந்த பின்னும் அவள் பேசாதிருக்கிறாள். கல் நெஞ்சக்காரி என்று மகன் சினக்கிறான். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள் உண்டு என்கிறாள் அவள். பின், கணவன் அமைத்த கட்டிலை அறைக்கு வெளியே கொணர்ந்து இடுமாறு செவிலியிடம் இயல்பாகக் கூறுகிறாள். ஒடிசியஸ் கொதித்தெழுகிறான். அக்கட்டிலை யார் பெயர்த்தது? முற்றத்தில் தூண்போல் தழைத்த ஆலிவ மரத்தைச் சுற்றி அறையைக் கட்டி, வேரூன்றி நின்ற அதன் அடிமரத்தையே கட்டிற்காலாகச் செதுக்கினேனே என்கிறான். அப்போதே அவள் ஓடிவந்து தழுவுகிறாள். உலகையெல்லாம் ஏய்த்தவனை ஒரு சொல்லால் ஏய்த்து உண்மையை வரவழைத்துவிட்டாள்.

இவ்விடத்தில் ஓர் உவமை. கப்பல் உடைந்து, உப்பு படிந்த உடலோடு நீந்திக் கரையேறுவோர்க்கு நிலம் எத்துணை இனியதோ, அத்துணை இனியது அக்காட்சி என்கிறார் கவி. ஒடிசியஸைப் பற்றிய உவமை என்றே படித்து வருகிறோம். முடியும்போதுதான் அது பெனலபியைப் பற்றியது எனத் தெரிகிறது. கடலில் இருந்தவள் அவளும்தான். வீட்டிலிருந்தபடியே இருபதாண்டு அலைகளில் தத்தளித்தவள் இப்போது கரையேறுகிறாள். கரை சேர்தல் இருவர்க்கும் உரியதாகிறது. அலெக்சாந்திரியாவின் பண்டைய அறிஞர் இருவர், இவர்கள் பள்ளியறை புகும் அடியோடு காப்பியம் நிறைவெய்துவதாகக் கருதினர் என்ற குறிப்பு உண்டு.

திரும்பாதவர்கள்

நானும் பல ஆண்டுகள் அந்த இனிமையுடனேயே பாடத்தை முடித்து வந்தேன். ஆனால் கட்டிலுக்கு முந்தைய படலத்தில், மாணவி கேட்ட வினா நிற்கிறது.

இருபத்திரண்டாம் படலம் கொலைப் படலம். மணக்க வந்தோர் யாவரும் வீழ்ந்தபின், அரண்மனையின் 50 பெண்களுள் 12 பேர் அவர்களோடு கூடியவர்கள் எனச் செவிலி தெரிவிக்கிறாள். அப்பன்னிருவரையும் அழைத்து, பிணங்களைச் சுமக்கவும், குருதி படிந்த மேசைகளையும் இருக்கைகளையும் கழுவவும் செய்கின்றனர். பின் வாளால் கொல்லுமாறு ஒடிசியஸ் கட்டளையிடுகிறான். தூய சாவு இவர்களுக்குக் கூடாது என்று மகன் டெலமாக்கஸ் கயிற்றில் தொங்கவிடுகிறான். கூட்டுக்குத் திரும்பும் வழியில் கண்ணியில் சிக்கும் புறாக்களைப் போல அவர்கள் வரிசையாகத் தொங்கினர், சிறிது நேரம் கால்கள் துடித்தன, நெடுநேரம் அன்று என்று கூறிக் கவி அமைகிறார்.

நான் மாணவிக்குச் சொன்ன விடை காப்பியத்தில் உள்ளதுதானா என்று தேடினேன். அதே படலத்தின் தொடக்கத்தில், வில்லேந்தி நின்று தன்னை வெளிப்படுத்தும் ஒடிசியஸ், எதிரிகளின் குற்றங்களை அடுக்குகிறான். என் வீட்டுப் பெண்களை வலிந்து புணர்ந்தீர்கள் என்பது அவற்றுள் ஒன்று. வன்முறை என்பதை அவன் வாயே சொல்கிறது. சில நூறு அடிகள் கடந்தபின் அதே செயலுக்காகப் பெண்கள் தண்டிக்கப்படுகின்றனர். நாம் 'பணிப்பெண்கள்', 'தோழியர்' என மொழிபெயர்க்கும் சொல் மூலத்தில் அடிமைப் பெண்டிரைக் குறிப்பது. தம் உடலின்மேல் தமக்கே உரிமை இல்லாதவர் எவ்வாறு இரண்டகம் செய்ய முடியும்? அவர்களுள் எல்லோரும் வலிந்து கொள்ளப்பட்டவர் என்று காப்பியம் கூறவில்லை. பெனலபி மகள்போல் வளர்த்த மெலாந்தோ, மணக்க வந்தோருள் ஒருவனை விரும்பினாள் என்றும் காண்கிறோம். ஆனால் ஒவ்வொருத்தியின் கதையையும் பிரித்துக் கேட்க அங்கு எவரும் இல்லை. 2017இல் ஒடிசியை ஆங்கிலத்தில் வெளியிட்ட எமிலி வில்சன் என்னும் பெண் அறிஞர், இப்பெண்களை அடிமைகள் என்றே குறித்தார். முந்தைய மொழிபெயர்ப்பாளர் சிலர் இவ்விடத்தில் இட்ட இழிசொற்கள் மூலத்தில் இல்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். மார்கரெட் அட்வுட் 2005இலேயே இப்பன்னிருவரையும் பேச வைத்து ஒரு புதினம் படைத்திருந்தார்.

இனி, கவிஞர்களாகிய நீங்கள் கருத வேண்டிய ஒன்று. இதே இருபத்திரண்டாம் படலத்தில் பாடகர் ஃபீமியஸும் சாவின் விளிம்பில் நிற்கிறார். அவரும் பகைவர்க்குப் பணி செய்தவரே. அவர் யாழைத் தரையில் வைத்துவிட்டு ஒடிசியஸின் முழங்கால்களைப் பற்றுகிறார். நான் யாரிடமும் கற்றவனல்லன், பாடல்களைக் கடவுள் என் நெஞ்சில் விதைத்தார், இவர்களுக்குப் பாடியது விருப்பத்தால் அன்று, கட்டாயத்தால் என்று வாதிடுகிறார். டெலமாக்கஸ் சான்று பகர்கிறான். பாடகர் பிழைக்கிறார்.

ஒரே கூடம், ஒரே நாள், கட்டாயம் என்னும் ஒரே காரணம். சொல் வல்லவர் உயிர் பெற்றார். சொல் அளிக்கப்படாதோர் கயிற்றில் தொங்கினர். குற்றமுடையோர் எவர் எவர் எனத் தெரிவிப்பதாகச் செவிலி முன்பே கூறியிருந்தாள். ஆனால் தூக்கிலிடும் இடத்தில் ஒரு பெயர்கூட நம் செவியில் விழுவதில்லை. தழும்பு, கட்டில், மரம் என அடையாளங்களால் நிறைந்த காப்பியத்தில் அடையாளமே இல்லாமல் போனவர்கள் இவர்கள். எட்டாம் படலத்தில் ஈட்டி முனையில் இழுத்துச் செல்லப்பட்ட பெண்ணை நினைவில் வைக்கச் சொன்னேன். அவள் வந்து சேர்ந்த வீடு இத்தகையதாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பாதவர்கள் இன்னும் உளர். பன்றி மேய்க்கும் யூமேயஸ் ஓர் அரசன் மகன். சிறுவயதில் கடத்தப்பட்டு லேயர்ட்டீஸுக்கு விற்கப்பட்டவன். தலைவன் திரும்பி வந்ததற்காக மகிழும் அவனுக்குத் தன் தீவுக்குத் திரும்பும் வழி கிடைக்கவே இல்லை. யூரிக்ளியாவும் இருபது எருதுகளின் விலைக்கு வாங்கப்பட்டவளே. 12 கப்பல்களில் உடன் சென்ற தோழர் அனைவரும் மாண்டனர். அவர்களுள் எல்பெனார் என்னும் இளைஞன் மறுவுலகில் ஒடிசியஸிடம் வேண்டுவது ஒன்றே: தோழர்களோடு தான் வலித்த துடுப்பைத் தன் புதைமேட்டில் நட்டு வைக்க வேண்டும். இங்கே ஒருவன் இருந்தான் என்பதைப் பிறர் அறிந்தால் போதும் அவனுக்கு.

ஹோமர் இக்கொடுமையைக் கண்டித்தார் என நான் சொல்ல வரவில்லை. அவர் கால அறம் வேறு. அடிமை முறையை அவர் வினவியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் எதையும் மறைக்கவும் இல்லை. ஒடிசியஸின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லையும், பாடகரின் வேண்டுகோளையும், துடித்த கால்களையும் ஒரே படலத்தில் நம் முன் வைத்துச் சென்றுவிட்டார். சேர்த்துப் பார்க்கும் கடமை படிப்போர்க்கு உரியது. நான் பல ஆண்டுகள் அதைச் செய்யத் தவறினேன். அம்மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: "அவர்கள் சார்பில் பேச அங்கு யாரும் இல்லாததால் தூக்கிலிட்டார்கள், அம்மா."

நிறைவாக

காப்பியத்தில் இன்னொரு துடுப்பும் உண்டு. வீடு சேர்ந்தபின் ஒடிசியஸ் மீண்டும் ஒரு பயணம் போக வேண்டும் என்று மறுவுலகில் டைரேசியஸ் என்னும் நிமித்திகர் உரைக்கிறார். தோளில் ஒரு துடுப்பைச் சுமந்துகொண்டு, கடலையே அறியாத மக்களின் நாடுவரை உள்நோக்கி நடக்க வேண்டும். எதிரே வரும் வழிப்போக்கன் அதைப் பார்த்து, களத்தில் தானியம் தூற்றும் கருவி என்று எண்ணிக் கேட்கும் இடத்தில் அதை நட்டு, பொசைடனுக்கு வேள்வி செய்து திரும்ப வேண்டும். எல்லோராலும் அறியப்பட வேண்டும் என்று இருபதாண்டு ஏங்கியவன், தன்னையோ தன் கடலையோ தன் துடுப்பையோ எவரும் அறியாத நிலத்திற்குச் சென்ற பின்பே அமைதி பெறுவான். அறியப்படாதவனாக நிற்பது எத்தகையது என்பதை அவனும் ஒருமுறை உணர வேண்டும் போலும்.

கவிஞர்களே, இவ்வட்டத்தில் கடந்த பத்தாண்டுகளில் எத்தனையோ கவிதைகள் படிக்கப்பட்டுள்ளன. நாம் யாவரும் ஒருவகையில் ஃபீமியஸின் மரபினர், சொல்லால் பிழைத்தவர்கள். பிழைத்தவர்க்குக் கடன் உண்டு. பக்கத்துக் கூடத்தில் பெயரின்றித் தொங்கியவர்களின் சார்பாக ஒரு சொல் பாடுவது அக்கடன். ஃபீமியஸ் பின்னர் அதைப் பாடினாரா என்று காப்பியம் சொல்லவில்லை. அவர் அடுத்து யாழெடுப்பது, நடந்த கொலைகளின் செய்தி வெளியே தெரியாதபடி மணவீட்டு ஆட்டப்பாட்டு இசைப்பதற்காக. உள்ளே நடந்ததை வெளியே கேளாமல் செய்யும் இசை! தலைவனின் ஆணைக்காக அவர் அதைச் செய்தார். நம் பாட்டு அத்தகையதாக ஆகிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

வரும் பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் பிறக்கும் கவிதைகள், அறியப்படாத ஒருவரையேனும் இன்னார் என நாம் அறியச் செய்யுமாயின், அதுவே இவ்வட்டம் கரை சேர்ந்ததன் அடையாளமாகும். விடையறியாத என்னை வினவித் தெளிவித்த அந்த மாணவிக்கு என் நன்றியைத் தெரிவித்து அமைகிறேன்.